குதிரை பழக்க ஆற்று மணல் கொட்டினால் போதுமா?

60-க்கு 100 அடி செம்மண் இடம் இருக்கிறது, ஆற்று மணலைக் கனமாகக் கொட்டிக் குதிரை பழக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாங்க. நான் அதைத்தான் செய்தேன். மெத்தென்று இருந்தால் காலுக்கு நல்லதுதானே என்று இதே அளவு இடத்தில் அரை அடி மணல் போட்டேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் தடவிப் பார்த்தால், முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் சூடாக, புடைத்துக்கொண்டு இருந்தது. பேச்சில் நரம்பு என்போமே, அந்தத் தசைநாண் இழுபட்டிருந்தது. அப்புறம் மாதக்கணக்கில் கையில் பிடித்து நடத்தியதோடு சரி.

ஆழமான மணலில் ஒவ்வொரு அடிக்கும் குளம்பைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அந்தப் பாரம் இந்தத் தசைநாணில் விழும். போதாததற்கு ஆற்று மணல் உருண்டை மணி, மிதித்தால் நழுவும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் முனையுள்ள மணி என்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் கழுவியதாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வெயிலில் தூசி, குதிரைக்கு இருமல்; மழை பெய்து காய்ந்தால் காரை போட்டது மாதிரி இறுகிவிடும்.

செலவு செய்ய வேண்டியது அடித்தளத்துக்கு. மேல்மண்ணை வழித்துவிட்டு கிராவல் பரப்பி, ரோலர் விட்டு, 100 அடிக்கு ஒரு அடி வாட்டம் கொடுங்கள். அதன்மேல் 2 அங்குல மணல் போதும், 10 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடிக்கும். பற்றாவிட்டால் பிறகு அரை அங்குலம் சேர்க்கலாம்.

சரியாக இருக்கிறதா என்று குளம்புத் தடமே சொல்லிவிடும். ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். லாடத்தின் விளிம்பு அச்சு மாதிரித் தெளிவாகத் தெரிந்தால் நல்ல தரை. கீறல் மட்டும் தெரிந்தால் கெட்டி. குழி விழுந்து மணல் உள்ளே சரிந்தால் ஆழம் அதிகம். மெரினாவில்கூட அலை நனைத்த ஓரம் கெட்டியாக இருக்கும். நாலு எட்டு மேலே வந்தால் கால் புதையும்.

ஓட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிடுங்கள். ஓரத்தில் தடம் பள்ளமாகும், வாரம் இரண்டு முறையாவது இழுத்துச் சமன் செய்ய வேண்டும். தார் ரோட்டில் நடை மட்டும்தான், லாடம் வழுக்கும். மணல்மேல் தீவனம் போடவே போடாதீர்கள், மணல் வயிற்றில் சேர்ந்து வயிற்றுவலி வரும்.

அதிகம் என்று நான் திரும்ப அள்ளி வெளியே போட்ட 20 யூனிட் இன்னும் தென்னை மரத்தடியில்தான் கிடக்கிறது. பூனைகளுக்குக் கொண்டாட்டம்.