வெற்றிலைச் செல்லம் பழையதா, தொன்மையானதா?

கேள்வி: என் பாட்டிக்கு 1952இல் திருமணச் சீராக வந்த பித்தளை வெற்றிலைச் செல்லத்தை எங்கள் ஊர்க் கண்காட்சிக்குக் கொடுக்கிறோம். குறிப்பட்டையில் பழைய, பழமையான, தொன்மையான, புராதன ஆகியவற்றுள் எதை எழுதுவது?

பதில்: 'பழமையான' என்றே எழுதுங்கள். 'பழைய' என்பது பிழையன்று. ஆனால் பழைய பேப்பர், பழைய இரும்பு என்று தெருவில் கூவக் கேட்டுப் பழகிய காதுக்கு அச்சொல் கழித்துப் போடும் பொருளையே முதலில் நினைவூட்டும். தவிரவும், 'பழைய வீடு' என்றால் முன்பு நாம் குடியிருந்த வீடு என்றும் பொருள்படுவதால், பொருளின் வயதை அச்சொல் உறுதியாகச் சொல்வதில்லை. 'பழமையான' என்னும்போது அந்தக் குழப்பம் நீங்கி, காலத்தால் வந்த மதிப்பும் சேர்ந்துகொள்கிறது.

'தொன்மை'யைக் கீழடிப் பானை ஓடுகளுக்கும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கும் விட்டுவிடலாம். சுண்ணாம்புக் கறைகூட இன்னும் போகாத செல்லத்துக்கு அது மிகை. 'புராதன' என்னும் வடசொல் பெரும்பாலும் கோயில், நகரம் போன்றவற்றோடு வருவது; வீட்டுப் பாத்திரத்தோடு ஒட்டாது. 'தொல்பொருள்' என்று எழுதிவிட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதற்குப் பொதுவாக 100 ஆண்டு வயதைக் கேட்கிறது, சுவடி முதலிய கையெழுத்துப் படிகளுக்கு மட்டும் 75 ஆண்டு போதும். உங்களிடம் ஆண்டே இருப்பதால், 'பழமையான பித்தளைச் செல்லம், 1952ஆம் ஆண்டுத் திருமணச் சீர்' என்று எழுதிவிடுங்கள்.