டெசிடிம் என்றால் என்ன? அதன் நிரலை ஏன் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள்?

ஊர்மக்கள் இணையத்தில் யோசனை சொல்லி, விவாதித்து, வாக்களித்து முடிவெடுக்க உதவும் திறமூல மென்பொருள்தான் டெசிடிம்; அதாவது, அதன் நிரலை யாரும் பார்க்கலாம், நகலெடுக்கலாம். பார்சிலோனா மாநகராட்சியில் பிறந்தது. இன்று அதைப் பயன்படுத்துவோரும் நிரலாளர்களும் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

வாக்கு எண்ணுவதும், எந்த யோசனை மேலே தெரிய வேண்டும் என்பதும் நிரலின் கையில். அது பூட்டிக் கிடந்தால் முடிவை எப்படி நம்புவது? பெட்டியைத் திறந்து, எல்லோர் முன்னாலும் சீட்டு எண்ணுவது மாதிரிதான் இது. எல்லோரும் நிரலைப் படிக்கப் போவதில்லை, சரி. நிரல் தெரிந்த சிலர் பார்த்தாலே தவறு வெளியே வர வாய்ப்பு அதிகம். ஏற்றுக்கொண்ட யோசனை எத்தனை சதவீதம் நிறைவேறியது என்றும் டெசிடிமில் காட்டலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

நிரல் திறந்திருந்தால் வாக்கை யாரும் மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; நிரலை நகலெடுத்துத் திருத்தலாமே தவிர, நகரத்தின் சர்வரில் இருக்கும் வாக்குகளுக்கு அது சாவி ஆகாது.