உறவுக்குப் பின் ரத்தத் திட்டு: ‘புண்’ என்றால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமா?

கேள்வி: வயது 34. இரண்டும் சுகப்பிரசவம். நான்கு மாதமாக, தாம்பத்திய உறவுக்குப் பிறகு பாத்ரூம் போய்த் துடைத்தால் லேசாக ரத்தம் தெரிகிறது. வலி இல்லை, மாதவிலக்கும் சரியாக வருகிறது. ஸ்கேன் நார்மல். ஒரு மருத்துவமனையில், ‘கர்ப்பப்பை வாயில் புண் இருக்கு, விட்டால் கேன்சராகும், குழந்தைதான் பிறந்தாச்சே, எடுத்துடலாம்’ என்கிறார்கள். சரி என்று சொல்லிவிடவா டாக்டர்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள் சகோதரி. ‘புண்’ என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் புண்ணே அல்ல. கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கம், நம் கன்னத்தின் உட்புறம்போலப் பல அடுக்குச் செல்களால் ஆனது. வெளிர் ரோஸ் நிறம். அதன் உள்பாதையில் இருப்பதோ ஒற்றை அடுக்குச் சவ்வு. அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் தெரிவதால் அது செக்கச்செவேல் என்றிருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடும் காலங்களில், அதாவது இளவயதில், கர்ப்பத்தில், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது, இந்த உள்சவ்வு வெளியே படர்கிறது. மெல்லியதாக இருப்பதால் உரசினால் கசியும். சிலருக்கு வெள்ளைப்படுதலும் கூடும். இது புற்றுநோயாக மாறுவதில்லை. தொந்தரவு இல்லாவிட்டால் சிகிச்சையே தேவையில்லை. தொந்தரவு இருந்தால், மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்தபின் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ சரிசெய்யலாம். அதன்பின் சில வாரம் தண்ணீர்போல வடியும். ஏறக்குறைய 4 வாரம் உறவு வேண்டாம்.

ஆனால் அந்தச் சிவப்பு எதனால் என்பதை உறுதி செய்துதான் ஆகவேண்டும். ஆரம்பநிலைப் புற்றுநோயும் இப்படித்தான் வலியில்லாமல் கசியும். ஸ்கேன் நார்மல் என்பது இதற்குப் பதில் ஆகாது. அது கர்ப்பப்பைச் சுவரையும் சினைப்பையையும் காட்டும். வாயின் மேல்பரப்பைக் காட்டாது. அதற்கு ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கவேண்டும். ‘ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தீர்களா, என்ன தெரிந்தது?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

பார்க்கும்போதே பல காரணங்கள் பிடிபட்டுவிடும். கர்ப்பப்பை வாயிலிருந்து செர்ரிப்பழம்போலச் சின்னதாகத் தொங்கினால் அது பாலிப் எனும் சதை வளர்ச்சி. இடுக்கியால் பிடித்துத் திருகினாலே பெரும்பாலும் வந்துவிடும். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். மஞ்சள் சளி வடிந்து, பஞ்சு பட்டாலே கசிந்தால் கிளமிடியா போன்ற, உறவால் பரவும் தொற்றாக இருக்கலாம். இதற்குக் கணவரும் மருந்து சாப்பிடவேண்டும்; இருவரும் முடித்து 7 நாள் கழியும்வரை உறவு கூடாது. மனைவி மட்டும் சாப்பிட்டால் திரும்ப வந்துவிடும்.

அடுத்து பாப் ஸ்மியரும் (கர்ப்பப்பை வாயின் செல்களை வருடி எடுத்துப் பார்ப்பது) எச்பிவி பரிசோதனையும் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது). மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள். முந்தைய 48 மணி நேரம் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, உள்ளே கழுவுதல் மூன்றும் வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசமாக ஒரு சோதனை செய்கிறார்கள்: அசிட்டிக் அமிலக் கரைசலைப் பஞ்சால் தடவி, 1 நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாக எழும்பும். ரத்தம் படுகிறது என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கண்ணுக்கு ஒரு கட்டியோ குழியோ தெரிந்தால், பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்தாலும் விடக்கூடாது. அரிசி அளவு சதை எடுத்து பயாப்ஸி செய்யவேண்டும். புற்றுநோய் இருப்பது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், பிறகு முறையான சிகிச்சை சிக்கலாகிவிடும். பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் ஆபரேஷன் வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. ரத்தத்தை நிறுத்த மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம்.

கேள்வி: வயது 57. மாதவிலக்கு நின்று ஐந்து வருடம். உறவின்போது எரிச்சல், பிறகு இரண்டொரு சொட்டு ரத்தம். இந்த வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை அம்மா, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து, ஈரம் வற்றி, உரசலில் கீறிக்கொள்ளும். உங்களுக்கும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். என்றாலும் மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்த்தே ஆகவேண்டும். ஸ்பெகுலம் பரிசோதனையோடு, உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, திரும்பத் திரும்பக் கசிந்தாலோ உட்சவ்விலிருந்து மாதிரி எடுக்கவேண்டும்.

வறட்சிதான் என்று உறுதியானால், உள்ளே பூசும் ஈஸ்ட்ரியால் க்ரீம் நன்றாகக் கேட்கும். வழக்கமாக முதல் 2 வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் 2 முறை. பலர் நான்கு நாள் பூசிவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். தோல் தடிமனாகச் சில வாரம் பிடிக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். உறவின்போது தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும்.

கேள்வி: 9 வார கர்ப்பம். நேற்று உறவுக்குப் பின் பழுப்பாகத் திட்டுப் பட்டது. குழந்தைக்கு ஆபத்தா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கர்ப்பத்தில் கர்ப்பப்பை வாயின் உள்சவ்வு வெளியே படர்வது சகஜம்; பலருக்கு அதுதான் காரணம். ஆனாலும் இன்றே போய் ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயத்துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம், அல்லது ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழைத்து உடனே கிளம்புங்கள்.