கேமரா வாங்கியாச்சு, ஸ்டாக் போட்டோ விற்று மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கியிருக்கிறேன், ஸ்டாக் போட்டோ தளங்களில் (நாம் ஏற்றும் படங்களை விளம்பரம், கட்டுரைக்குத் தேவைப்படுகிறவர்கள் காசு கொடுத்து இறக்கிக்கொள்ளும் இடம்) விற்றால் மாதம் எவ்வளவு வரும், விலையில் நமக்கு எவ்வளவு பங்கு, ஆரம்பத்திலேயே பத்தாயிரம் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. மேலே படிக்கப் பொறுமை இருந்தால் படியுங்கள்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். கேமராவைத் தவணையில் வாங்கியிருப்பீர்கள். வீட்டில் "இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க" என்று கேட்டிருப்பார்கள். "இதுலயே சம்பாதிச்சுடலாம்" என்று வாயை விட்டிருப்பீர்கள். அன்று ராத்திரியே யூடியூபில் ஒருவர், தூங்கும்போதும் டாலர் விழும் என்று சொல்லியிருப்பார். எனக்கு இந்த வரிசையில்தான் நடந்தது. 2018 தீபாவளித் தள்ளுபடியில் கேனன் 1500டி, கிட் லென்ஸோடு 31,500 ரூபாய். ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் நான். அதனால் மற்றதெல்லாம் மறந்தாலும் எண்கள் மறக்காது.

முதல் ஏழு மாதக் கணக்கு இது: ஏற்றிய படங்கள் 214, ஏற்றுக்கொள்ளப்பட்டவை 96, விற்றவை 13. ஒன்றுக்கு 25 சென்ட் வீதம் மொத்தம் 3 டாலர் 25 சென்ட். அதையும் கையில் வாங்க முடியாது, குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் அனுப்புவார்கள்.

அந்த 96-இல் எனக்குப் பெருமையான படங்கள் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். குரோம்பேட்டையிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போனேன். கேமராவை நிறுத்தும் முக்காலியை (டிரைபாட்) விரித்ததும் காவலாளி வந்து, தொல்லியல் துறை இடத்தில் அனுமதி இல்லாமல் முக்காலி வைக்கக்கூடாது என்றார். மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் கையிலேயே எடுத்தேன். 62 படங்களில் தேறியது மூன்று. மற்றவற்றுக்கு நாய்ஸ் (படம் புள்ளி புள்ளியாக இருப்பது), ஃபோகஸ் சரியில்லை, ஒரே மாதிரி படங்கள் என்று காரணம் வந்தது. தேறிய மூன்றும் இன்று வரை ஒரு டவுன்லோட் கூட ஆகவில்லை. ஏன் என்று பிறகு தேடிப் பார்த்தேன். அதே கோயில், அதே சூரியன், அதே கோணம், ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. என்னுடையதை ஒருவன் எதற்கு வாங்கவேண்டும்?

விற்றது என்ன தெரியுமா? குடம்.

2019 ஜூன் ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலைமைக்கு சென்னை போய்க்கொண்டிருந்த சமயம். எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை லாரி. முந்தின ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம், ஆட்கள் நிற்கமாட்டார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் குடம் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போனவன் கேமராவையும் எடுத்துக்கொண்டு போனேன். தெருவிளக்கு அணையவில்லை, வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நீலம், கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று 41 குடங்கள் காய்ந்த தரையில் வளைந்து வளைந்து போயின. தரையோடு தரையாகக் குனிந்து எடுத்தேன். அதற்குள் லாரி வந்துவிட்டது. நான் குனிந்துகொண்டிருந்த நேரத்தில் எங்கள் குடத்தை யாரோ ஓரம் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு குடம் குறைச்சல். "தண்ணி பிடிக்க அனுப்பினா போட்டோ பிடிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

அந்தப் படம் முதலில் ரிஜெக்ட் ஆனது. முன்னால் இருந்த நீலக் குடத்தில் கம்பெனி பெயர் புடைத்துக்கொண்டிருந்தது. விளம்பரத்துக்குப் பயன்படும் கமர்ஷியல் படத்தில் பிராண்ட் பெயர் தெரியக்கூடாது. அழித்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். அதே குடத்தின் கழுத்தில் கீழ்வீட்டு அக்கா சிவப்பு நகப்பூச்சால் 'வி' என்று எழுதியிருந்தார், அடையாளத்துக்கு. அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. எடிட்டோரியல் பிரிவில் ஊர், நாடு, தேதி, என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதி மறுபடி அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். செய்திக்கும் கட்டுரைக்கும் போகிற படம் என்பதால் அந்தப் பிரிவில் பிராண்ட் இருக்கலாம், ஆனால் எதையும் அழித்துத் திருத்தக்கூடாது. படத்தில் ஆள் முகம் இல்லாததால் மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கும் தொல்லையும் இல்லை.

ஒரே வாரத்தில் 20 டவுன்லோட். சென்னையின் தாகம் உலகச் செய்தி ஆகியிருந்தது. இன்று வரை அது 187 முறை விற்றிருக்கிறது. சில்லறையெல்லாம் சேர்த்து, ஒருமுறை மட்டும் வந்த 28 டாலர் பெரிய லைசன்ஸையும் கூட்டினால், 80 டாலருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கோடையில் தனியார் லாரிக்கு எங்கள் வீட்டுப் பங்காக நான் கொடுத்தது இதைவிட அதிகம். இதைச் சொன்னால் "சொந்தத் தெருவோட கஷ்டத்தை வித்தவன்" என்று எழுத இங்கே ஒருவர் வருவார். அந்த வரிசையில் என் குடமும் இருந்தது சார். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் மாடிப்படியில் மடக்கி, "ஏம்ப்பா, என் குடத்தை வித்துட்டியாமே, எவ்வளவுக்கு?" என்றார். "பதினேழு ரூபாய், அக்கா" என்றேன். "அட, நான் வாங்கினதே நூத்திப் பத்து!"

படம் எப்படி இருக்கிறது என்று பார்த்து யாரும் வாங்குவதில்லை. யாரோ ஒரு டிசைனர், ஒரு நிருபர், நாளைக்குக் காலைக்குள் ஒரு பக்கத்தை முடிக்கவேண்டும். அவருக்கு என்ன வேண்டுமோ அது உங்களிடம் இருக்கவேண்டும், தேடினால் கிடைக்கவேண்டும். ஆகவே கீவேர்டில், அதாவது படத்தோடு எழுதிக் கொடுக்கும் தேடல் சொற்களில், சோம்பல் கூடாது. ஏறத்தாழ 50 வரை போடலாம். அடோபி ஸ்டாக் தளத்தில் வரிசையும் முக்கியம், பொருத்தமான சொற்கள் முதல் பத்துக்குள் வரவேண்டும். 'அழகு', 'இயற்கை' என்று போட்டு இடத்தை அடைக்காதீர்கள்.

இதில் நானே பட்டிருக்கிறேன். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது, முன்மொழிந்ததே இந்தியாதான். தேவை வரும் என்று 2022 கடைசியிலேயே தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் கால் கால் கிலோ வாங்கினேன். கறுப்பு சார்ட் பேப்பர், ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை. என் ஸ்டுடியோ அவ்வளவுதான். நன்றாகவே போயின. ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த மாமியார் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "இது வரகு இல்ல மாப்பிள்ளை, சாமை" என்றார். கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கும் தெரியவில்லை. கோடோ மில்லட் என்று பெயர் போட்டு நான்கு பேருக்குச் சாமையை விற்றிருக்கிறேன். உடனே திருத்திவிட்டேன். அந்த நான்கு கட்டுரைகளைப் படித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழி தெரியவில்லை.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் போனால் எனக்கு ஆறாது. கேமரா வாங்கிய செய்தி சொந்தக்காரர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மா பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு மொய்க் கவரோடு விருந்தாளியாகப் போனேன். "தம்பிதான் கேமரா வெச்சிருக்கானே" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். காலை ஏழிலிருந்து மதியம் மூன்று வரை 1,400 படம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது. மூன்று ராத்திரி கண் விழித்து நிறம் சரிசெய்து கொடுத்தேன். கல்யாண பேனரில் வந்ததோ, மாப்பிள்ளையின் நண்பன் போனில் எடுத்த படம். "உன்னுது கொஞ்சம் இருட்டா இருந்துச்சுப்பா." சரி, விடுங்கள்.

பங்கு விவரம் கேட்டீர்கள். அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனிலிருந்து படி முறைக்கு மாறியது: 15 சதவீதத்தில் ஆரம்பித்து, அந்த வருடம் எத்தனை டவுன்லோட் என்பதைப் பொறுத்து 40 வரை ஏறும், ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி முதல் படிக்கு. ஐஸ்டாக்கில் பிரத்யேக ஒப்பந்தம் (அங்கே மட்டுமே விற்பேன் என்பது) இல்லாதவர்களின் போட்டோவுக்கு 15. சதவீதத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். வாடிக்கையாளர் மாதச் சந்தா கட்டி நூற்றுக்கணக்கில் இறக்கிக்கொள்கிறவராக இருந்தால், எதன் 33 சதவீதம் என்பதுதான் கேள்வி. வரி விஷயத்தில் ஒன்றே ஒன்று: கணக்குத் தொடங்கியதும் டபிள்யூ-8பென் படிவத்தை (அமெரிக்கர் அல்லாதவர் கொடுக்கும் அமெரிக்க வரிப் படிவம்) நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடிப்பார்கள், இந்தியாவோடு ஒப்பந்தம் இருப்பதால் நிரப்பினால் 15. இங்கே வருமான வரியில் காட்டவேண்டும் என்பதை ஆடிட்டர் ஆபீஸ்காரன் சொல்லாமல் விடக்கூடாது.

ஏஐ வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து ஏஐ படங்களை, அப்படி என்று அடையாளமிட்டு, ஏற்றுக்கொள்கிறது. கைகுலுக்கும் கோட்டு சூட்டுக்காரர்கள், லேப்டாப் முன்னால் சிரிக்கும் பெண் எல்லாம் இனி நாம் எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இந்தத் தேதியில் இந்தத் தெருவில் நடந்தது என்று சொல்லும் எடிட்டோரியல் படத்தை அது கொடுக்க முடியாது. உங்கள் ஊர் சந்தை, ரேஷன் கடை வாசல், பஸ் ஸ்டாண்ட் தள்ளுவண்டி, வயலில் டிரோன் மருந்தடிப்பு, இவற்றை எடுங்கள். பொங்கல் படத்தைப் பொங்கலன்று ஏற்றினால் அந்த வருடத்துக்கு லேட். இந்த வருடம் எடுத்ததை அடுத்த நவம்பரில் தயாராக வைத்திருங்கள்.

இதைப் படித்துவிட்டு, எனக்கு மாதம் 300 டாலர் வருகிறதே என்று ஒருவர் எழுதுவார். வரட்டும், சந்தோஷம். அவரிடம் எத்தனை ஆயிரம் படங்கள், எத்தனை வருட உழைப்பு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை ஆசாமி. கையிருப்பு 1,100 படம், அவ்வளவுதான்.

2018 நவம்பரிலிருந்து எனக்கு வந்தது மொத்தம் 415 டாலர். கைக்கு வந்த ரூபாயைக் கூட்டிப் பார்த்ததில், 2025 மார்ச்சில் அது கேமரா விலையைத் தாண்டியது. எக்செல் தாளைத் திருப்பி மனைவியிடம் காட்டினேன். ஆறு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த தருணம். அவள் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து கேட்டாள்: "முக்காலி எங்கே?"

முக்காலி 2,200. சேர்க்கவில்லை.