ஆறு போத்தல் மெர்சோவில் ஒன்று கெட்டுவிட்டது. மீதி ஐந்தை என்ன செய்வது?

கேள்வி: பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். முதலாளி கடையை மூடியபோது தன் காவிலிருந்து, அதாவது வைன் வைக்கும் நிலவறையிலிருந்து, ஆறு போத்தல் வெள்ளை வைன் தந்தார். லேபிளில் 'மெர்சோ பிரமியே க்ரூ, ஷார்ம், 2014' என்று இருக்கிறது. மகள் பட்டம் வாங்கிய அன்று ஒன்றைத் திறந்தோம். நிறம் பிளேன்டீ மாதிரி, வாசம் வறுத்த வெந்தயம். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மீதி ஐந்தும் இப்படித்தான் இருக்குமா? நண்பர் மூலம் வந்த ஒரு தரகர், "பர்கண்டி வைன் வைக்க வைக்கத்தான் விலை ஏறும். ஐந்தையும் என்னிடம் தாருங்கள், கிடங்கில் வைத்துப் பத்து வருடத்தில் விற்றுத் தருகிறேன். மாதக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்" என்கிறார். கொடுக்கலாமா?
- லா கூர்நேவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். ஐந்தையும் இந்த வருடத்துக்குள் வீட்டிலேயே திறந்து குடித்து முடியுங்கள். ஏன், எப்படி என்பதை இனிச் சொல்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: மெர்சோ என்பது பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வெள்ளை வைனுக்குப் பேர்போன ஓர் ஊர். அங்கே நிலத்துக்குத்தான் தரம், பிரமியே க்ரூ என்பது மேலிருந்து இரண்டாம் படி.

முதலில் அந்த வெந்தய வாசம். வைன் புத்தகங்களில் இதற்கு அடிபட்ட ஆப்பிள், மெழுகு, வால்நட் என்று நாலைந்து சொல் போட்டிருப்பார்கள். நீங்கள் ஒரே சொல்லில் பிடித்துவிட்டீர்கள். வைனுக்குள் காற்று புகுந்து அது பழுதாகும்போது சோடோலோன் என்ற பொருள் உண்டாகிறது. வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் இதே சோடோலோன்தான். வெந்தயத்தோடு வளர்ந்த நம் மூக்குக்கு இதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பக்கத்து மாகாணமான ஜூராவில் 'வான் ஜோன்' என்ற மஞ்சள் வைனில் இந்த வாசத்தை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். மெர்சோவில் இது வந்தால் வைன் செத்துவிட்டது என்றே அர்த்தம்.

பத்து வருடம் தாண்டிய வைன் இப்படிச் சாகலாமா? சாகக் கூடாது. 2014 வெள்ளை பர்கண்டிக்கு நல்ல வருடம், புளிப்பு நிமிர்ந்து நின்ற வருடம். ஷார்ம் என்பது மெர்சோவின் நல்ல நிலங்களில் ஒன்று. பழைய கணக்குப்படி இப்போதுதான் அது திறந்து குடிக்கும் பருவத்தில் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய கணக்கு உடைந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. 1995, 1996 வருட வைன்களை 2000களின் தொடக்கத்தில் திறந்தவர்களுக்குத்தான் முதல் அதிர்ச்சி. இருபது வருடம் நிற்கும் என்று வாங்கி வைத்தவை ஆறேழு வருடத்திலேயே பழுப்பாகிக் கிடந்தன. சாதாரண தோட்டம், பேர்பெற்ற தோட்டம் என்ற பேதமே இல்லை.

காரணத்தை எளிதாகச் சொன்னால், வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுக்கிற கதைதான். திராட்சைச் சாற்றிலும் காற்றுப் பட்டால் கறுக்கிற பொருட்கள் உண்டு. அந்தக் காலத்து அழுத்து இயந்திரங்கள் பழத்தை முரட்டுத்தனமாகப் பிழிந்தன. கறுக்க வேண்டியது சாற்றிலேயே கறுத்து அடியில் தங்கிவிடும், மிஞ்சிய வைன் திடமாக நிற்கும். பிறகு மெல்ல அழுத்தும் காற்றுப்பை இயந்திரங்கள் வந்தன. சாறு பளிச்சென்று அழகாக வந்தது, ஆனால் கறுக்கிற பொருளும் கூடவே வந்தது. வைனைக் காக்கும் கந்தகத்தையும் பலர் குறைத்தார்கள். இவற்றோடு தக்கையும் சேர்ந்துகொண்டது. தக்கை மரப்பட்டை. ஒன்று இறுக்கமாக இருக்கும், பக்கத்தில் இருப்பது பஞ்சு மாதிரி இருக்கும். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் வாதம் நடக்கிறது. உங்கள் கேள்விக்கு வேண்டியது தக்கை மட்டும்தான்.

ஏனென்றால் ஒரே பீப்பாயிலிருந்து, ஒரே நாளில், ஒரே பெட்டிக்குள் போன ஆறு போத்தலில் ஒன்று செத்திருக்கும், மற்றது உயிரோடு இருக்கும். பாரிசில் பதினாறு வருடமாக வைன் கடையில் நிற்கிறேன், இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மாலை மெர்சோவுக்குப் பக்கத்து ஊரான புலிஞியின் வெள்ளை வைன், ஒரே பெட்டியின் இரண்டு போத்தல்களை அடுத்தடுத்துத் திறந்தோம். ஒரு கிளாஸில் நல்லெண்ணெய் நிறம், வெந்தயம், வாயில் வெறும் தண்ணீரும் கசப்பும். பக்கத்துக் கிளாஸில் வெளிர் பொன் நிறம், விளிம்பில் இன்னும் ஒரு பச்சைச் சாயல். எலுமிச்சைத் தோல், ஹேசல்நட், வெண்ணெய் என்று வாசம் வந்துகொண்டே இருந்தது. விழுங்கிய பிறகும் நாக்கில் ஓர் உப்புத்தன்மை நின்றது. ஆகவே, கெட்ட அந்த ஒன்றை வைத்து ஐந்தையும் எழுதித் தள்ளிவிடாதீர்கள்.

இப்போது வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து போத்தல்களையும் மேசையில் வரிசையாக நிறுத்துங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசியின் டார்ச்சை ஒவ்வொரு போத்தலின் பின்னாலும் ஒரே உயரத்தில் பிடித்துப் பாருங்கள். பர்கண்டிக் கண்ணாடி காய்ந்த இலை நிறம் என்பதால் ஒரு போத்தலை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். எது மற்றவற்றைவிடக் கறுத்துத் தெரிகிறதோ அதில் 1 என்று ஒட்டுங்கள். அடுத்தது 2. கழுத்தில் வைன் மட்டம் இறங்கியிருந்தால், தக்கை ஓரத்தில் கசிந்த பிசுக்கு இருந்தால், அதையும் முன்னுக்குத் தள்ளுங்கள். இருண்டதிலிருந்து தொடங்கிக் குடியுங்கள். வெளிர்ந்ததைக் கடைசிக்கு வையுங்கள். கடைசி என்றால் வருடக் கடைசி, 2030 இல்லை.

திறந்தவுடன் வாசம் சரியில்லை என்றால் அந்தப் போத்தல் கெட்டது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வைனைக் குழாயடியில் ஊற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தீக்குச்சி வாசம்தான் அந்த விதிவிலக்கு. தீக்குச்சியைக் கிழித்தவுடன் மூக்கில் ஏறுமே, அது. சில சமயம் துப்பாக்கி மருந்து மாதிரி, இன்னும் மோசமானால் அவித்த முட்டை மாதிரி. இது காற்று அதிகம் போனதால் வருவதில்லை. காற்றே போதாமல் கந்தகப் பொருட்கள் வைனுக்குள் அடைபட்டுக் கிடப்பதால் வருவது. அதாவது வெந்தய வாசத்துக்கு நேர் எதிர். மெர்சோவில் சில தோட்டக்காரர்கள் இதைக் கொஞ்சம் விரும்பியே வைத்திருக்கிறார்கள்.

ஓர் இளம் தம்பதி எங்கள் கடையில் வாங்கிய போத்தலைத் திறந்து, இந்த வாசத்தைக் கண்டு பயந்து, முக்கால் போத்தலை ஊற்றிவிட்டு மிச்சத்தோடு கோபமாக வந்தார்கள். மிச்சம் வந்து சேர்வதற்குள் வழியிலேயே குலுங்கித் தெளிந்துவிட்டது. அவர்கள் முன்னாலேயே ஊற்றிக் குடித்தோம். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே தீக்குச்சி வாசம் வந்தால் ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். அரை மணி விடுங்கள். அவசரம் என்றால் நன்றாகக் கழுவிய செம்புக் கரண்டியால் கிளாஸில் ஒரு கலக்குக் கலக்கலாம், செம்பு அந்தக் கந்தகத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அரை மணியில் வாசம் குறைந்தால் வைன் நல்லது. குழப்பமாக இருந்தால் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். தீக்குச்சி காற்றில் குறையும், வெந்தயம் காற்றில் கூடும். நிறமும் கூட நின்று சாட்சி சொல்லும். தீக்குச்சி வைன் அநேகமாக வெளிர்ந்தே இருக்கும். நனைந்த சாக்கு வாசம் வந்தால் அது தக்கைப் பூஞ்சையால் வந்த கேடு, எதுவும் செய்ய முடியாது, ஊற்றிவிடுங்கள்.

சரி, அந்தத் தரகர் விஷயம். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. "வைக்க வைக்க விலை ஏறும்" என்ற வசனம் நம் ஆட்கள் மத்தியில் சீட்டுக்காசு மாதிரிப் பரவுகிறது. போத்தல் உங்கள் கையை விட்டுப் போன அன்றிலிருந்து உங்களிடம் மிஞ்சுவது ஒரு காகிதம், அதோடு மாதாமாதம் ஒரு கட்டணம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நான்கு வருடம் இப்படிக் கட்டியது. போய்ப் பார்க்கக் கேட்டபோது கிடங்கின் முகவரி மாறியிருந்தது, அப்புறம் கைபேசி எண்ணும் மாறிவிட்டது. வெள்ளை பர்கண்டியில் இந்தப் பேச்சு இரட்டை மோசடி. பத்து வருடம் கழித்து உங்கள் மெர்சோவுக்கு வயது இருபதைத் தாண்டியிருக்கும். பிரமியே க்ரூ வெள்ளையைப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வைக்கவே கூடாது என்பது என் தீர்மானம். கிராமப் பெயர் மட்டும் போட்ட மெர்சோவை ஐந்தாறு வருடத்தில் முடித்துவிட வேண்டும். இது தரகருக்கும் தெரியும்.

இதே ஆட்கள் பெயரை வைத்தும் விளையாடுவார்கள். மொன்ராஷே என்பது சுமார் 8 ஹெக்டேர் மட்டுமே உள்ள ஒரு கிரான் க்ரூ நிலம், அதாவது தர வரிசையின் மேல்படி. 1879-இல் அதை ஒட்டிய புலிஞி, ஷஸாஞ் என்ற இரண்டு ஊர்களும் அதன் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. அதனால் 'புலிஞி-மொன்ராஷே' என்று எழுதிய ஊர் வைனைக் காட்டி "இது மொன்ராஷே" என்று விற்க ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் விலை பத்து மடங்குக்கு மேலும் வித்தியாசப்படும். 'கிரான் வான் த பூர்கோஞ்' என்ற எழுத்துக்கும் மயங்காதீர்கள். அது வெறும் அலங்காரம், தர வரிசையில் அப்படி ஒரு படியே கிடையாது.

போலியும் உண்டு. அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் வீட்டிலேயே கலந்து, லேபிள் ஒட்டி, அரிய பர்கண்டி என்று ஏலத்தில் விற்றார். 2008-இல் பர்கண்டியின் பொன்சோ தோட்டத்தின் 'குளோ சாந்தெனி' வைன் என்று 1945 முதலான வருடங்கள் போட்ட அவருடைய போத்தல்கள் ஏலத்துக்கு வந்தன. அந்தத் தோட்டமோ அந்த வைனைச் செய்யத் தொடங்கியதே 1980களில். தோட்டத்துக்காரர் லோரான் பொன்சோ நேரே போய் நிறுத்தினார். குர்னியவானுக்கு 2014-இல் பத்து வருடச் சிறை. இந்த வழக்குக்குப் பிறகு ரசீது இல்லாத போத்தலை நல்ல விலைக்குத் தொடப் பலர் தயங்குகிறார்கள். உங்களிடம் ரசீது இல்லை, முதலாளியின் அன்பு மட்டும்தான் இருக்கிறது. உண்மையிலேயே விற்க நினைத்தால் சட்டப்படி தகுதி பெற்ற ஏலக்காரரான 'கொமிசேர்-பிரிசர்' ஒருவரிடம் போத்தலின் படத்தோடு போங்கள். பெரும்பாலும் இலவசமாகவே மதிப்புச் சொல்வார்கள்.

ஒன்று கேட்கிறேன். பால் பைக்கெட்டில் திகதி இருக்கிறது. நூறு யூரோவைத் தாண்டும் இந்தப் போத்தலில் எப்போது அடைத்தார்கள் என்றுகூட இல்லை. 10 சதவீதமும் அதற்கு மேலும் அல்ககோல் உள்ள பானத்துக்குக் காலாவதித் திகதி வேண்டாம் என்று ஐரோப்பியச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. நிலத்தின் பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது. ஆனால் வைனின் உயிர் எந்தத் தக்கையில் தொங்குகிறது என்று எழுத மாட்டார்கள். பல வருடம் 'வாங்கியவர் வீட்டில் சூட்டில் வைத்திருப்பார்' என்று பழியை நம் மீதே போட்டார்கள். சில தோட்டங்கள் மட்டும் நேர்மையாக மாறின. புலிஞியின் லெஃப்லேவ் தோட்டம் 2014 வைனிலிருந்து டியாம் தக்கைக்குப் போனது. தக்கையைப் பொடியாக்கிச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டிச் செய்வது அது, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இறுகும். அடுத்த போத்தலைத் திறக்கும்போது தக்கையைப் பாருங்கள். பொடி ஒட்டினது மாதிரி இருந்து 'டியாம்' என்று எழுதியிருந்தால் மற்ற நான்கு பற்றி நிம்மதியாக இருக்கலாம்.

அதுவரை எங்கே வைப்பது? அடுக்குமாடியின் கீழே உங்களுக்கு ஒரு காவ் இருந்தால் அங்கே, படுக்க வைத்து. 12, 13 டிகிரி நல்லது. சமையலறை அலமாரி வேண்டவே வேண்டாம். 2019 ஜூலை 25 அன்று பாரிசில் 42.6 டிகிரி அடித்தது, அப்படி ஒரு வாரம் போதும். காவ் இல்லை என்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டு, சில மாதங்களுக்குத் தாங்கும்.

குடிக்கும்போது பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். அந்தக் குளிரில் மெர்சோ வாயே திறக்காது. இருபது நிமிடம் மேசையில் விட்டு, 12 டிகிரி வாக்கில், வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். கறியில் உறைப்பு வேண்டாம், மிளகாய் இந்த வைனைத் தின்றுவிடும். தேங்காய்ப்பால் சொதியில் வெந்த மீன், அல்லது வெண்ணெயில் பிரட்டிய இறால் போதும். போத்தலில் மிச்சம் இருந்தால் தக்கையை மீண்டும் இறுக்கிப் பிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் மாலைக்குள் முடித்துவிடுங்கள். 1 என்று ஒட்டிய போத்தலைத் திறக்கும் அன்று மட்டும் 2-ஐயும் குளிர வைத்திருங்கள். முதலாவது கெட்டிருந்தால் விருந்து நிற்கக் கூடாது.