ரங்கூன் மழைக்கு எந்தப் பை?
கைக்குழந்தைக்கும் அலுவலகத்துக்கும் ஒரே பை, வீட்டுக்காரரும் கூச்சமில்லாமல் மாட்ட வேண்டும், தோல் பை சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. தோல் அழகுதான். ஆனால் ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை மழை, பூஞ்சை பிடித்துவிடும். கறுப்பு நைலான் முதுகுப்பையே வாங்குங்கள். பஸ் ஏறும்போது இரண்டு கையும் பிள்ளைக்கு வேண்டுமே! உள்துணி மட்டும் வெளிர் நிறமாக இருக்கட்டும், இல்லையென்றால் பால்புட்டி மூடியைத் தேடியே பொழுது போய்விடும். பிளாஸ்க் நிமிர்ந்து நிற்க ஒரு பக்கப்பை அவசியம். கலக்கிய பவுடர் பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது, அதனால் வெந்நீரும் பவுடரும் தனித்தனியாகப் போகட்டும். டயபர், மாற்றுத்துணியெல்லாம் ஒரு சின்ன ஜிப் பையில். அலுவலக நாளில் அதை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிடலாம். அப்புறம், கோயில், கல்யாணம் என்றால் அந்தச் சின்னப் பையை ஒரு ஷான் தோள்பைக்குள் (பர்மாவின் ஷான் மக்களின் நெய்த துணிப்பை) போடுங்கள். உங்கள் புடவைக்கும் பொருந்தும், அவர் கைலிக்கும் பொருந்தும்.