எல்கேஜி பையனுக்கு எழுத்தோட சத்தமும் எழுதறதும் வீட்லயே எப்படி சொல்லிக்குடுக்கறது?

நாலு வயசு ஆச்சு, நோட்டை எடுத்தாலே அழறான், 'அ' கூட எழுத வரலைன்னு கேட்டிருக்கீங்க. மிஸ் திட்டுவாங்கன்னு பயந்து ராத்திரி தூக்கக் கலக்கத்துல அவன் கையைப் புடிச்சு நீங்களே எழுத வெச்சுட்டு இருப்பீங்கன்னு நினைக்கறேன். மொதல்ல அதை நிறுத்துங்க. அவனுக்குப் படிப்பு வரலைன்னு அர்த்தம் இல்லைங்க, கை இன்னும் தயாராகலை, அவ்வளவுதான். அந்த வயசுல மணிக்கட்டு எலும்பே முழுசா உருவாகி முடிஞ்சிருக்காது.

நான் டீச்சர் இல்லை. கோயமுத்தூர்ல லேத் பட்டறை வேலை, நைட் ஷிஃப்ட். வீட்டுக்காரம்மா பகல்ல வேலைக்குப் போறதால பாப்பாவுக்கு எழுத்து சொல்லிக்குடுத்தது நான்தான். 'நீ என்ன படிச்சேன்னு அட்வைஸ் பண்ற'ன்னு யாராச்சும் கேப்பீங்க, கேளுங்க, என் பொண்ணு இன்னைக்குப் பஸ் போர்டெல்லாம் தானாப் படிக்கறா.

எங்க அத்தை அங்கன்வாடில இருந்து ரிட்டையர் ஆனவங்க, அவங்க சொன்னது ஒண்ணுதான்: 'அ'வுல ஆரம்பிக்காதே. நீங்களே ஒருக்கா மெதுவா எழுதிப் பாருங்க, சுழிச்சு, வளைச்சு, குறுக்கால வந்து, கடைசியா நெட்டுக்கோடு, பிஞ்சு விரலுக்கு எவ்வளவு வேலை! அ ஆ இ ஈ வரிசை பாட்டா வாயில இருக்கட்டும், கைக்கு 'ட' குடுங்க. மேல இருந்து கீழ ஒரு கோடு, வலது பக்கம் ஒரு கோடு, முடிஞ்சுது. அந்த வலது பக்கக் கோட்டோட நுனியை மேல தூக்கினா 'ப'. அப்புறம் 'ம'. இந்த மூணும் புள்ளியும் வந்துட்டாப் போதும், படம், பட்டம், மடம்னு குழந்தை வார்த்தையே எழுதிரும்.

நோட்டு வேண்டாம்னு பின்கட்டுச் சுவத்துல கரும்பலகை பெயின்ட் அடிச்சு விட்டேன். நின்னுக்கிட்டு எழுதினா தோள்ல இருந்து விரல் வரைக்கும் பலம் வரும். முழு சாக்பீஸ் குடுத்தா உள்ளங்கையில பொத்திப் புடிப்பாங்க, அதனால ஒடச்சு சின்னத் துண்டாக் குடுக்கோணும், அப்பத்தான் விரல் நுனியில புடிக்க முடியும். பாப்பா 'ட'வைக் கீழ இருந்து மேல இழுப்பா. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, எழுத்து ஆரம்பிக்கற இடத்துல அவங்கம்மாவோட ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி 'அம்மிணி, பொட்டுல இருந்து கிளம்பு'ன்னேன். அப்புறம் பொட்டு இல்லாமலே சரியா வந்துருச்சு. பூண்டு உரிக்கறது, துணி கிளிப் மாட்டறது, ராகி மாவைத் தட்டுல பரப்பி விரலால எழுதறது, இதெல்லாமும் கைக்குப் பயிற்சிதான்.

சத்தத்துக்குத் தனியா உக்கார வைக்கவே வேண்டாம். உதட்டை மூடி 'ம்ம்ம்'னு இழுத்து, சமையக்கட்டுல இந்தச் சத்தத்துல ஆரம்பிக்கறது என்ன இருக்குன்னு கேளுங்க. மிளகா, முருங்கக்கா, மஞ்சள்னு ஓடி ஓடித் தொடுவாங்க. கடல்ல வர்ற 'க' வேற, தங்கத்துல வர்ற 'க' வேறன்னு விதியெல்லாம் சொல்லாதீங்க, தமிழ் பேசற குழந்தையோட காதுக்கு அது ஏற்கனவே தெரியும். இங்கிலீஷ்ல மட்டும் B சத்தத்துக்கும் P சத்தத்துக்கும் குழம்பும்னா, தொண்டையில கை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. ball-ல வர்ற B சத்தத்துக்கு அதிரும், pen-ல வர்ற P சத்தத்துக்கு அதிராது.

இதைச் சொல்லியே ஆகோணும். பாப்பா ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல அம்மாக்களை மட்டும்தான் சேர்க்கறாங்க. மீட்டிங்குக்கு நான் போனா 'மம்மி வரலையா?'ன்னுதான் மொதல் கேள்வி. தினமும் டைரி பாக்கறது நான், ஆனா ஒரு ஃபீஸ் தேதி தெரியோணும்னாக்கூட சாயங்காலம் வீட்டுக்காரம்மா ஃபோனை வாங்கிப் பாக்கோணும். பொறுப்பா இருக்கற அப்பனுக்கு இது எவ்வளவு வலிக்கும்னு ஒருத்தரும் யோசிக்கறதில்லை.

சரி, உங்க விஷயம். மிஸ்ஸை நேர்ல பாத்து 'இவன் வீட்ல சாக்பீஸ்ல பெருசா எழுதிப் பழகறான், கொஞ்ச நாளைக்கு நோட்டுல ஒரு வரி மட்டும் எழுதட்டுங்க'ன்னு தன்மையாக் கேளுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அவன் இடது கையில எழுதறான்னா மாத்தச் சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க.